மருந்து வாங்கும் முன் மீன்களை எண்ணுங்கள்: மீன்தொட்டித் தொல்லைகளுக்கு அறிகுறிவாரி வழிமுறை

தொட்டியில் ஒரு மீன் சுணங்கிவிட்டால் உடனே கடைக்குப் போய் நீல மருந்து வாங்கி வருவது பலருக்குப் பழக்கமாகிவிட்டது. மெத்திலீன் புளூ என்கிற அந்தச் சாயம் பூஞ்சைக்கும், முட்டைகளைக் காப்பதற்கும் உண்மையிலேயே உதவும். ஆனால் ஃபில்டரில் ஒட்டியிருந்து மீன் கழிவின் நச்சை மாற்றும் பாக்டீரியாக்களையும் அது பாதிக்கும். ஏற்கனவே நெரிசலில் திணறும் தொட்டியில் அதை ஊற்றுவது, இல்லாத நோய்க்கு வைத்தியம் பார்த்து இருக்கிற கோளாறை வளர்ப்பதாகும்.

அல்சூர், சிவாஜிநகர், கே.ஆர்.புரம் என்று பெங்களூரின் தமிழ் வீடுகளில் நான் எட்டிப்பார்த்த தொட்டிகளில் பெரும்பாலும் கோளாறு இரண்டே வகை. தண்ணீர் தாங்காத அளவுக்கு மீன்கள் இருக்கும். இல்லாவிட்டால் ஒன்றோடு ஒன்று வாழ முடியாத மீன்கள் இருக்கும். பல வீடுகளில் இரண்டும் சேர்ந்தே இருக்கும். அதனால் நோயின் பெயரை விட்டுவிட்டு, கண்ணுக்குத் தெரியும் அறிகுறியிலிருந்து தொடங்குவோம். உங்கள் மீன்கள் இந்த நிமிடமே மேலே வந்து வாய் பிளந்துகொண்டிருந்தால் கணக்கைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்; இரண்டாவது தலைப்புக்குப் போய்விடுங்கள்.

முதலில் தொட்டியின் கணக்கு

ஒரு கன அடி என்பது 28.3 லிட்டர். நம் வீடுகளில் அதிகம் காணப்படும், இரண்டடி நீளமும் ஓரடி அகலமும் ஓரடி உயரமும் கொண்ட தொட்டி, அளவுப்படி 56 லிட்டர். அடியில் போட்ட கூழாங்கல்லும் மேலே விட்ட இடைவெளியும் போக, அதில் நிற்பது ஏறக்குறைய 45 லிட்டர்தான். எந்தக் கணக்கையும் அந்த 45-ஐ வைத்தே போடுங்கள்.

அடுத்து, தொட்டியில் உள்ள ஒவ்வொரு இனமும் முழுதாக வளர்ந்தால் எவ்வளவு நீளம் வரும் என்று ஒரு தாளில் எழுதுங்கள். 'ஓர் அங்குல மீனுக்கு நான்கு லிட்டர்' என்றொரு பழைய விதி உண்டு. கப்பி, நியான் டெட்ரா போன்ற ஒல்லி மீன்களுக்கு அது ஓரளவு பொருந்தும். தடித்த உடல்வாகு கொண்டவற்றுக்குப் பொருந்தாது. மீனின் நீளம் இரட்டிப்பானால் எடை ஏறத்தாழ எட்டு மடங்காகிறது. தீனியும் கழிவும் எடையைப் பின்தொடர்ந்து ஏறும், நீளத்தை அல்ல.

மூன்றாவது கணக்கு, வாரத்துக்கு எத்தனை வாளித் தண்ணீர் உங்களால் மாற்ற முடியும் என்பது. பெங்களூரில் கடைசியாக எல்லாவற்றையும் தீர்மானிப்பது இதுதான் என்பேன். 2024 மார்ச்சில் நகரம் வறண்டபோது, குடிநீரால் கார் கழுவினாலோ தோட்டத்துக்கு ஊற்றினாலோ 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்தது. அந்த மாதங்களில் நெரிசலான தொட்டி வைத்திருந்தவர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. 45 லிட்டர் தொட்டியில் மீன்கள் அளவாக இருந்தால் வாரம் ஒரு வாளி, அதாவது 12 முதல் 15 லிட்டர் மாற்றினால் போதும். அதே தொட்டியில் மூன்று மடங்கு மீன்கள் இருந்தால் வாரம் மூன்று வாளி வேண்டும். மே மாதத்தில் டேங்கர் லாரிக்குக் காத்திருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பில் அந்த மூன்று வாளியை யார் கொடுப்பார்கள்? கோடையில் உங்களால் கொடுக்க முடிகிற வாளிகளுக்கு ஏற்ற மீன்களையே ஆண்டு முழுவதும் வையுங்கள். எடுத்த தண்ணீரைக் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றலாம். உப்போ மருந்தோ போட்ட வாரத்தில் மட்டும் வேண்டாம்.

இதோடு மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியா, பாக்டீரியாக்கள் அதை மாற்றுவதால் வரும் நைட்ரைட், நைட்ரேட், தண்ணீரின் அமில-கார அளவான பிஎச் ஆகிய நான்கையும் பார்க்கும் சொட்டுச் சோதனைப் பெட்டி ஒன்று வீட்டில் இருக்கட்டும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யமாக இருக்க வேண்டும். நைட்ரேட் 20 பிபிஎம்முக்குள் (அதாவது லிட்டருக்கு 20 மில்லிகிராமுக்குள்) இருந்தால் நல்லது. 40-ஐத் தாண்டினால் அந்தத் தண்ணீரால் உங்கள் மீன்களைத் தாங்க முடியவில்லை என்று பொருள்.

எல்லா மீன்களும் மேலே வந்து வாய் பிளக்கின்றன

எல்லாமா, ஒன்றிரண்டா என்று பாருங்கள். ஃபைட்டரும் கௌராமியும் அவ்வப்போது மேலே வந்து காற்றைக் குடித்துவிட்டுப் போவது இயல்பு. அவற்றுக்குச் செவுளோடு காற்றைச் சுவாசிக்கும் தனி உறுப்பும் உண்டு. கப்பி, டெட்ரா, கோல்டு ஃபிஷ், பார்ப் எல்லாம் வரிசைகட்டி நீர்ப்பரப்பில் நின்றால் மட்டும் அவசரம்.

செய்ய வேண்டியவை, இதே வரிசையில்: தீனியை நிறுத்துங்கள். ஏர் பம்ப் இருந்தால் முழு வேகத்தில் போடுங்கள். இல்லாவிட்டால் தொட்டியின் நீர்மட்டத்தை இரண்டு அங்குலம் இறக்கி, ஃபில்டரிலிருந்து விழும் தண்ணீர் சளசளவென்று தெறிக்கும்படி செய்யுங்கள். மின்சாரமே இல்லையென்றால் ஒரு குவளையால் மொண்டு மொண்டு மேலிருந்து ஊற்றுங்கள். பார்க்க வேடிக்கையாக இருந்தாலும் வேலை செய்யும்.

அரை மணி நேரத்தில் மீன்கள் கீழே இறங்கிவிட்டால் காரணம் ஆக்சிஜன் குறைவு. இது பெரும்பாலும் விடியற்காலையில்தான் தெரியும். தொட்டிச் செடிகள் பகலில் ஆக்சிஜன் தந்தாலும், இரவில் மீன்களோடு போட்டிபோட்டு அதையே எடுத்துக்கொள்கின்றன. பெங்களூருக்கென்று இன்னொரு சங்கதியும் உண்டு. நகரம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் காற்றழுத்தம் குறைவு; ஒரே வெப்பநிலையில், சென்னைத் தண்ணீரைவிட இங்குள்ள தண்ணீர் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு ஆக்சிஜனைக் குறைவாகவே பிடித்து வைக்கும். இங்குள்ள குளிர்ச்சி அதை ஓரளவு ஈடுசெய்கிறது, ஆனால் ஏப்ரல் மாதத்தில் அந்தச் சலுகை கிடைக்காது. சென்னை கொளத்தூரில் உறவினர் வீட்டுத் தொட்டியில் நன்றாக இருந்த அதே எண்ணிக்கை இங்கேயும் சரியாக இருக்கும் என்று எண்ண வேண்டாம். காற்று போட்டதும் சரியாகிறது, நிறுத்தினால் மறுபடி வருகிறது என்றால், பம்ப் மட்டுமே அந்த மீன்களை உயிரோடு வைத்திருக்கிறது. இரண்டு மணி நேரம் மின்வெட்டு வந்தால் எல்லாம் முடிந்தது. மீன்களைக் குறைக்க வேண்டிய முதல் தொட்டி இதுதான்.

காற்றுக்கு மசியவில்லை, செவுள்கள் வேகமாக அடிக்கின்றன, சிவந்தோ பழுப்பாகவோ தெரிகின்றன என்றால் தண்ணீரைச் சோதியுங்கள். அம்மோனியா தெரிந்தால் பிஎச்சையும் சேர்த்தே படியுங்கள். 25 டிகிரியில் பிஎச் 7 இருக்கும்போது மொத்த அம்மோனியாவில் நச்சு வடிவம் நூற்றுக்கு ஒன்றுகூட இருக்காது. பிஎச் 8 ஆனால் அது நூற்றுக்கு ஐந்துக்கு மேல் போய்விடும். ஒரே அளவு அம்மோனியா, ஆனால் பத்து மடங்கு நஞ்சு. மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றி, மறுநாளும் அதையே செய்யுங்கள்.

நைட்ரைட் தெரிந்தால் தண்ணீர் மாற்றுவதோடு லிட்டருக்கு ஒரு கிராம் கல்லுப்பைத் தனியே கரைத்துச் சிறிது சிறிதாகச் சேருங்கள். உப்பிலுள்ள குளோரைடு, நைட்ரைட் செவுள் வழியே இரத்தத்துக்குள் நுழைவதைத் தடுக்கும். இது தவணை வாங்கித் தரும், அவ்வளவே.

தண்ணீர் மாற்றும்போதெல்லாம் ஒன்றிரண்டு சாகின்றன

'தண்ணீர் மாற்றினால்தான் சாகிறது, அதனால் மாற்றுவதையே விட்டுவிட்டோம்' என்று சொல்லும் வீடுகள் உண்டு. பாவம், தண்ணீர் மாற்றுவதன் மேல் பழி விழுகிறது. குழாயில் வருவது என்ன தண்ணீர் என்று முதலில் கேளுங்கள்.

காவிரித் தண்ணீர் என்றால் குளோரின் கலந்தது. அகன்ற வாளியில் ஒரு நாள் திறந்து வைத்தால் பெரும்பகுதி போய்விடும். அவசரமென்றால் குளோரின் நீக்கி சில சொட்டு விடலாம். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் என்றால் குளோரின் இருக்காது, ஆனால் கடினத்தன்மையும் உப்பும் அதிகம். டேங்கரில் வருவது பெரும்பாலும் இப்படிப்பட்ட தண்ணீர்தான். பல அடுக்குமாடிக் குடியிருப்புகளில் இரண்டும் சம்ப்பில் கலக்கின்றன. திங்கட்கிழமை ஒரு தண்ணீர், வியாழக்கிழமை வேறு தண்ணீர். கடினநீரை மென்னீராக்கும் இயந்திரம் உள்ள குடியிருப்புகளில் இன்னும் குழப்பம். சோப்பு நன்றாக நுரைக்கும், ஆனால் கரைந்த உப்பின் மொத்த அளவு குறையாது. கால்சியம் போன இடத்தில் சோடியம் வந்து உட்கார்ந்திருக்கும். கழுவ நல்ல தண்ணீர் என்பதால் மீனுக்கும் நல்லது என்று நினைத்துவிட வேண்டாம்.

இதற்கும் நெரிசலுக்கும் என்ன தொடர்பு? கழிவை உடைக்கும் பாக்டீரியாக்கள் வேலை செய்யும்போது தண்ணீரின் காரத்தன்மையைத் தின்றுகொண்டே போகின்றன. மீன்கள் மிகுந்து, தண்ணீர் மாற்றம் குறைந்த தொட்டியில் பிஎச் மெல்ல மெல்ல 6 பக்கம் இறங்கிவிடும். அந்த நிலையில் பாக்டீரியாக்களும் மந்தமாகி அம்மோனியா சேரும். பிஎச் தாழ்ந்திருப்பதால் அது நஞ்சற்ற வடிவில் அடங்கிக் கிடக்கும், மீன்களும் சமாளித்துக்கொண்டிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரர் உற்சாகமாகப் பாதித் தொட்டியைக் காலிசெய்து, பிஎச் 8 உள்ள கிணற்றுத் தண்ணீரை ஊற்றுகிறார். அடங்கிக் கிடந்தது அத்தனையும் ஒரே மணி நேரத்தில் நஞ்சாகிறது.

ஆகவே நெடுநாள் கவனிக்காத தொட்டியில் ஒரேயடியாகப் பாதியை மாற்றாதீர்கள். நாளுக்குப் பத்தில் ஒரு பங்கு வீதம் இரண்டு வாரம் மாற்றுங்கள். அந்தந்த நாள் அம்மோனியாவையும் பிஎச்சையும் பாருங்கள். பிறகு வாரம் நான்கில் ஒரு பங்கு என்ற ஒழுங்குக்கு வந்துவிடுங்கள். ஃபில்டர் பஞ்சைக் குழாயடியில் அலசுவதையும் விட்டுவிடுங்கள். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே பிழிந்து மாட்டுங்கள்.

கழுவிய இரண்டாம் நாளே தண்ணீர் கலங்குகிறது

பால்போல் வெண்மை என்றால் பாக்டீரியாப் பெருக்கம். புதுத் தொட்டியில் முதல் நாளே இருபது மீன்களை விட்டால் இப்படித்தான் ஆகும். பாக்டீரியாக்கள் போதுமான அளவு வளர நான்கிலிருந்து ஆறு வாரம் பிடிக்கும். அதுவரை இரண்டு மூன்று மீன்களுக்கு மேல் வேண்டாம். பழைய தொட்டியில் வெண்மை வந்தால் தீனி மிச்சம் கிடக்கிறதா, கல்லுக்கு அடியில் ஏதாவது செத்துக் கிடக்கிறதா என்று துழாவுங்கள். பச்சை என்றால் பாசி: வெயில் விழுகிறது, நைட்ரேட்டும் மிகுதி. மேலே உடையாத நுரை படிந்தால் புரதக் கழிவு மிகுந்துவிட்டது.

பொங்கலுக்கு ஊருக்குப் போகும் வாரத்தில் தொட்டிக்குள் போட்டுவிட்டுப் போகும் தீனிக் கட்டிகளைப் பற்றி ஒரு சொல். வளர்ந்த, நலமான மீன்கள் ஒரு வாரப் பட்டினியைத் தாங்கும். நெரிசலான தொட்டியில் அந்தக் கட்டி கரைந்து, நீங்கள் சேலத்திலிருந்து திரும்புவதற்குள் வேலையை முடித்துவிடும். பக்கத்து வீட்டுக் குழந்தையிடம் தீனி டப்பாவைக் கொடுத்துவிட்டுப் போவது அதைவிட ஆபத்து.

வால் கிழிந்திருக்கிறது

அழுகலா, கடியா என்று பிரித்துப் பாருங்கள். அழுகல் என்றால் ஓரம் நைந்து, வெளுத்து அல்லது சிவந்து, நாளுக்கு நாள் உள்நோக்கிப் போகும். அதன் வேர் பெரும்பாலும் கெட்ட தண்ணீரில் இருக்கும். கடி என்றால் ஓரம் சுத்தமாக, பிறைபோல் ஒரு துண்டு காணாமல் போயிருக்கும். நேற்று முழுதாக இருந்த வால் இன்று காலை பாதியாக இருக்கும். கடியில் தொடங்கி அழுகலில் முடிவதும் உண்டு.

கடிதான் என்றால் குற்றவாளியைத் தேட வேண்டும். தொட்டிக்கு நேரே நின்றுகொண்டு தேடினால் கண்டுபிடிக்க முடியாது. தீனிக்காக எல்லாம் உங்களிடம் ஓடி வந்து நல்ல பிள்ளைகளாக நிற்கும். அறையின் மறுபக்கத்தில் உட்கார்ந்து கவனியுங்கள்.

முதல் சந்தேகம் டைகர் பார்ப் மேல் விழட்டும். மஞ்சள் உடலில் கருப்புக் கோடு போட்ட இந்தச் சிறிய மீனை 'ஜோடி' ஜோடியாகக் கடைகளில் விற்கிறார்கள். அது கூட்டமாக வாழும் இனம். எட்டு, பத்து சேர்ந்து இருந்தால் தங்களுக்குள்ளேயே துரத்தி விளையாடி, யார் பெரியவர் என்று முடிவு செய்துகொண்டிருக்கும். இரண்டு மூன்றை மட்டும் விட்டால் அந்தத் துரத்தல் முழுவதும் ஏஞ்சலின் நீண்ட துடுப்பின் மேலும் கப்பியின் விசிறி வாலின் மேலும் திரும்புகிறது. கூட்டத்தைப் பெரிதாக்குவதே மருந்து. ஆனால் 45 லிட்டரில் எட்டு டைகர் பார்ப் விட்டால் வேறு எதற்கும் இடமில்லை. ஆகவே தேர்ந்தெடுக்க வேண்டும்: டைகர் பார்ப் மட்டுமே உள்ள தொட்டி, அல்லது டைகர் பார்ப் இல்லாத தொட்டி. நடுவழி கிடையாது. முதல் வகை சுறுசுறுப்பான, மிக அழகான தொட்டி. கலவையாக வைத்தே பழகியவர்கள் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

அடுத்தவர்கள் செர்ப்பே டெட்ராவும், 'விடோ' என்று விற்கப்படும் கருப்பு டெட்ராவும். இந்த விடோவையே ஊதா, பச்சை, ரோஜா நிறங்களில் சாயமேற்றியும் விற்கிறார்கள். அவற்றை வாங்கவே வேண்டாம் என்பது என் வேண்டுகோள்.

ஃபைட்டர் தனிக்கதை. இரண்டு ஆண்களைச் சேர்த்து விடக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். விசிறி வால் கொண்ட ஆண் கப்பியையும் அது இன்னொரு ஆண் ஃபைட்டர் என்று எண்ணித் தாக்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. தலைகீழாகவும் நடக்கும்: அசைந்து அசைந்து நீந்தும் ஃபைட்டரின் வாலை டெட்ராக்கள் கொறித்துத் தீர்த்துவிடும். கௌராமி அதன் உறவு இனம். இரண்டையும் சேர்த்தால் ஓயாத எல்லைத் தகராறு.

கடிபட்டதை வேறு பாத்திரத்தில் பிரித்து, தினமும் சுத்தத் தண்ணீர் மாற்றிக்கொண்டிருந்தால் பெரும்பாலும் வால் மருந்தில்லாமலே வளர்ந்துவிடும்.

எண்ணிக்கை குறைகிறது, ஆனால் செத்த மீன் கண்ணில் படவில்லை

தொட்டிக்குப் பின்னால் தரையைப் பாருங்கள். நெரிசலிலும் துரத்தலிலும் மீன்கள் துள்ளி வெளியே விழும். அங்கே இல்லையென்றால் யாரோ தின்றிருக்கிறார்கள். மீன்களிடம் சைவம் அசைவம் பேதமெல்லாம் பெரிதாகக் கிடையாது. வாய்க்குள் போவது எல்லாம் தீனி. நாணய அளவில் நியான் டெட்ராக்களோடு சேர்த்து வாங்கிய ஏஞ்சல், ஆறேழு மாதத்தில் உள்ளங்கை அளவானதும் அவற்றை ஒவ்வொன்றாக விழுங்கும், பெரும்பாலும் விளக்கணைந்த பிறகு. மீசை வைத்த பிக்டஸ் கெளுத்தியும் இரவில்தான் வேட்டையாடும். ஒன்றின் வாய் மற்றொன்றின் உடலைவிடப் பெரிதாகும் நாள் வரும் என்றால் இன்றே பிரித்துவிடுங்கள்.

ஒரே ஒரு மீன் மூலையில் ஒளிந்து கிடக்கிறது, சாப்பிடுவதில்லை

நோய் என்றே முதலில் தோன்றும். ஆனால் அந்த மீனைத் தனிப் பாத்திரத்தில் ஒரு நாள் வைத்துப் பாருங்கள். அங்கே சாப்பிட்டால் அது நோயாளி அல்ல, அடிபட்டவர்.

சிவப்பு வால் கருப்பு ஷார்க் தன் இனத்தையும், தன்னைப்போல் தோன்றும் எதையும் சகிக்காது. ஒரு தொட்டிக்கு ஒன்றே. ஆண் கப்பியோ ஆண் மாலியோ தன் இனத்துப் பெண்களுக்குச் சமமான எண்ணிக்கையில் இருந்தால் பெண் மீன்களை மூச்சுவிட விடாமல் துரத்தும். ஓர் ஆணுக்கு இரண்டு மூன்று பெண்கள் என்று வைத்தால் தொல்லை பங்கிடப்படும். ஃப்ளவர்ஹார்ன் யாருடனும் சேராது. அதற்கு ஒரு தொட்டி முழுவதும் வேண்டும்.

சண்டையே இல்லாமலும் ஒரு மீன் இளைக்கலாம். ஒராண்டா, பிளாக் மூர் போன்ற குண்டு கோல்டு ஃபிஷ்கள் மெதுவாக வந்து சேர்வதற்குள், கூட இருக்கும் ஒல்லியான காமெட் வகை எல்லாத் தீனியையும் முடித்துவிடும். இரண்டும் கோல்டு ஃபிஷ்தானே என்பது கடைக்காரர் வாதம். அடியில் மேயும் கோரிடோராஸ், மேலேயிருந்து விழும் மிச்சத்தை நம்பியே வாழ வேண்டியதில்லை. விளக்கணைத்த பின் மூழ்கும் குளிகைத் தீனி போடுங்கள்.

பொன்னிறத்தில் 'அல்ஜி ஈட்டர்' என்று விற்கப்படும் மீனைப் பற்றியும் எச்சரிக்கை. சிறு வயதில் பாசி தின்னும். வளர்ந்ததும், தட்டையான உடல் கொண்ட ஏஞ்சல், கோல்டு ஃபிஷ் மீது ஒட்டிக்கொண்டு அவற்றின் வழவழப்பை உறிஞ்சப் பழகிவிடும். விலாவில் வட்டமாகச் செதில் உதிர்ந்த மீனைக் கண்டால் இதைத் தேடுங்கள்.

தகராறு செய்பவரை வெளியேற்ற முடியாவிட்டால், கல்லையும் செடியையும் இடம் மாற்றி வைத்து அது பிடித்து வைத்திருக்கும் எல்லையைக் கலைத்துவிடுங்கள். ஒரு மீனின் பார்வையிலிருந்து மற்றது மறையும்படி தடுப்புகள் வையுங்கள். ஆப்பிரிக்க ஏரிகளின் சிக்லிட் வளர்ப்பவர்கள் வேண்டுமென்றே நெரிசலாக வைப்பார்கள், அடி ஒரே மீன் மேல் விழாமல் இருக்க. அது பெரிய தொட்டியும் கனத்த ஃபில்டரும் வைத்து, தண்ணீரை அடிக்கடி மாற்றுபவர்களின் வித்தை. 45 லிட்டருக்கு அதைக் கடன் வாங்காதீர்கள்.

குளிர்காலம் வந்தால் வெள்ளைப் புள்ளியும் வருகிறது

உப்பைத் தூவியதுபோல் உடலெங்கும் புள்ளி, கல்லில் உடலைத் தேய்ப்பது: இது ஒட்டுண்ணி நோய். டிசம்பர், ஜனவரி இரவுகளில் பெங்களூரில் 15, 16 டிகிரிக்கு இறங்கும். பகலுக்கும் இரவுக்கும் இடையே ஊசலாடும் வெப்பநிலை மீன்களின் எதிர்ப்புச் சக்தியைக் குலைக்கிறது. சிவாஜிநகரில் ரஸ்ஸல் சந்தைப் பக்கம் போய், தொட்டியோடு 'ஒரு செட்டு மீன் கொடுங்கள்' என்றால் கோல்டு ஃபிஷ், ஏஞ்சல், கப்பி, கௌராமி எல்லாம் ஒரே பையில் வரும். 'எல்லாம் சேர்ந்து இருக்கும் அண்ணா, ஒன்றும் ஆகாது' என்பார்கள். ஆனால் கோல்டு ஃபிஷ் 18 முதல் 24 டிகிரியில் நலமாக இருக்கும். ஏஞ்சலுக்கும் பெரும்பாலான டெட்ராக்களுக்கும் 24 முதல் 28 வேண்டும். ஹீட்டர் வைத்தால் ஒரு தரப்புக்குத் தொல்லை, வைக்காவிட்டால் மறு தரப்புக்கு. இரண்டையும் ஒரே தொட்டியில் வைத்திருக்கும் வரை ஒவ்வொரு மார்கழியிலும் இதே கதைதான்.

இப்போதைக்கு: வெப்பமண்டல மீன்கள் மட்டும் இருந்தால் வெப்பநிலையை நாளுக்கு ஓரிரு டிகிரியாக 29, 30 வரை ஏற்றலாம். கூடவே காற்றைக் கூட்டுங்கள். சூடான நீரில் ஆக்சிஜன் குறையும், நெரிசலான தொட்டியில் இந்த வைத்தியமே கொன்றுவிடும். ஒட்டுண்ணி மீனை விட்டு நீங்கித் தண்ணீரில் நீந்தும் பருவத்தில்தான் மருந்துக்கு அகப்படும். எனவே புள்ளி மறைந்த அன்றே மருந்தை நிறுத்தாமல் ஒரு வாரமாவது தொடருங்கள்.

குட்டியாக வாங்கியது இப்போது தொட்டியில் திரும்ப முடியவில்லை

'தொட்டிக்கு ஏற்ற அளவுதான் மீன் வளரும்' என்பது இந்தப் பொழுதுபோக்கிலேயே அதிகம் தீங்கு செய்த பேச்சு. குறுகிய தொட்டியில் வளர்ச்சி தடைப்படுவது உண்மைதான். அது கெட்ட தண்ணீரில் முடங்கிப்போனதன் அடையாளம்.

குழந்தைகள் கேட்டுக் கேட்டு வாங்கும் 'ஷார்க்' (மேலே சொன்ன சிவப்பு வால் ஷார்க் வேறு) சுறாவே அல்ல. ஒரு மீட்டரைத் தாண்டி வளரும் கெளுத்தி. ஓட்டல்களில் பாசா என்று பொரித்துத் தருவதும் பெரும்பாலும் இதே இனம்தான். தொட்டியைத் துடைக்கும் என்று நம்பி வாங்கும் சக்கர் மீன் 40 சென்டிமீட்டரைத் தாண்டும், துடைப்பதைவிட அதிகமாகக் கழிவிடும். ஆஸ்கார் 30 சென்டிமீட்டர். வெள்ளி அரோவனா ஏறக்குறைய 90. கோய் கெண்டை குளத்துக்கு உரியது.

வாஸ்துவுக்காக வைக்கும் எட்டுப் பொன்னிற மீன், ஒரு கருப்பு மீன் கணக்கும் இந்த வரிசையில்தான் வருகிறது. நம்பிக்கையில் நான் தலையிடவில்லை. ஆனால் ஒன்பது கோல்டு ஃபிஷ்களும் ஒவ்வொன்றும் 15 சென்டிமீட்டருக்கு மேல் வளரக்கூடியவை. முதல் மீனுக்கு 75 லிட்டர், அடுத்து ஒவ்வொன்றுக்கும் 40 என்று வைத்தால் 400 லிட்டர் வேண்டும், தண்ணீர் மட்டும் 400 கிலோ. எண்ணிக்கைதான் முக்கியமென்றால் எட்டுப் பொன்னிற மாலியும் ஒரு கருப்பு மாலியும் வைத்துக்கொள்ளலாம். அதற்கும் மூன்றடித் தொட்டி வேண்டும். கிணற்றுத் தண்ணீரின் கடினத்தன்மையும் மாலிக்குப் பிடிக்கும்.

சரி, எதை எதோடு வைப்பது

45 லிட்டரில் என்றால் எட்டு டைகர் பார்ப் மட்டும். அல்லது ஒரு ஆண் ஃபைட்டரும் ஆறு கோரிடோராஸும். அல்லது எட்டு ஆண் கப்பிகள் மட்டும். கோல்டு ஃபிஷ் எதுவும் வேண்டாம். மூன்றடி நீளமும் ஒன்றரை அடி அகலமும் உயரமும் உள்ள தொட்டி, நிகரமாக 160 லிட்டர் பிடிக்கும் என்று கொண்டால், மூன்று குண்டு கோல்டு ஃபிஷ் வைக்கலாம். இல்லாவிட்டால் ஒரு ஜோடி ஏஞ்சல், அவற்றின் வாய்க்கு அடங்காத பெரிய டெட்ராக்கள் எட்டு, அடியில் ஆறு கோரிடோராஸ். காலியாக இருக்கிறதே என்று முதல் மாதம் தோன்றும். தோன்றட்டும்.

புதிய மீன் எதையும் இரண்டு மூன்று வாரம் தனித் தொட்டியில் வைத்துக் கவனித்த பிறகே சேருங்கள். சண்டைக்கார இனத்தைக் கடைசியாக விடுங்கள்.

மிகுந்த மீன்களை என்ன செய்வது

கப்பி வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கேள்வி வந்தே தீரும். பெண் கப்பி ஏறக்குறைய நான்கு வாரத்துக்கு ஒருமுறை குஞ்சு போடும். ஆணைப் பிரித்த பிறகும், சேமித்து வைத்த விந்தைக்கொண்டு மாதக்கணக்கில் போட்டுக்கொண்டேயிருக்கும். ஆண்களை மட்டும் வைத்திருப்பதே நிரந்தர வழி.

பல கடைகள் நலமான மீன்களைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். பணம் எதிர்பார்க்காதீர்கள், தீனி டப்பா கிடைத்தால் லாபம். பெரிய தொட்டி வைத்திருப்பவர்கள் ஆஸ்காரையும் சக்கரையும் ஏற்பதுண்டு. கொண்டுபோகும் நாளுக்கு முந்தைய நாள் தீனி போடாமல், பையில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீரும் மீதி காற்றுமாகக் கட்டுங்கள்.

அல்சூர் ஏரியிலோ வேறு எந்த நீர்நிலையிலோ மட்டும் விடாதீர்கள். இப்படி யார் யாரோ விட்ட சக்கர் மீன்கள் இன்று தமிழ்நாடு, கேரளம், ஆந்திரத்து நீர்நிலைகளில் பெருகி, மீனவர்களின் வலையைக் கிழித்துக்கொண்டிருக்கின்றன. தொட்டித் தண்ணீரையும் செடியையும் மழைநீர் வடிகாலில் கொட்டாதீர்கள். அதில் முட்டையும் குஞ்சும் இருக்கலாம். தண்ணீரைப் பூந்தொட்டி மண்ணில் ஊற்றுங்கள். நீர்ச்செடிகளை நன்றாக வெயிலில் காயவைத்துக் குப்பையில் போடுங்கள்.